எழுதப்பட்டவளும் பாடுவிக்கப்பட்டவரும்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

நாம் காண்கிற இவ்வுலகம் மெய்யா, பொய்யா என்னும் விசாரம் வேதாந்த சாஸ்த்ரத்தில் நெடுங்காலமாக நடந்துவருவது. அதையே கதைப்பொருளாக்கி, பள்ளிச் சிறுமி ஒருத்தியின் வாயிலாகக் கேட்கவைத்தவர் நோர்வே நாட்டு எழுத்தாளர் யொஸ்டைன் கார்டெர். பள்ளியில் தத்துவம் கற்பித்த ஆசிரியர் அவர். 1991இல் வெளிவந்த அவருடைய நாவல் ஐம்பதுக்கும் மேற்பட்ட மொழிகளுக்குச் சென்றது. தமிழிலும் ‘சோஃபியின் உலகம்’ என்னும் பெயரில் கிடைக்கிறது. அடியார்களின் இல்லங்களில், குறிப்பாக வெளிதேசங்களில் வளரும் பிள்ளைகள் சிலர் இதைப் படித்திருக்கக்கூடும். அப்பிள்ளைகள் நம்மிடம் கேட்கக்கூடிய ஒரு கேள்விக்கு நம் தர்சனத்தைக் கொண்டு விடை தேடுவதே இங்கு நம் நோக்கம்.

கேள்வி இதுதான்: நம்முடைய இருப்பும் நினைவும் சொல்லும் வேறொருவனுடைய ஸங்கல்பத்தைப் பற்றியே நிற்குமானால், நாம் உண்மையில் இருக்கிறோம் என்று சொல்ல முடியுமா? சோஃபி இதை எண்ணி நடுங்குகிறாள். நம்மாழ்வார் இதே நிலையைத் தமக்குள் கண்டு உகந்து பாடுகிறார். ஒரே செய்தி ஒருத்திக்கு அச்சமாகவும் ஒருவர்க்கு ஆனந்தமாகவும் ஆவது எங்ஙனே என்பதைச் சற்று ஆராய்வோம்.

கதையின் போக்கு

சோஃபிக்குப் 15 வயது நிறையச் சில வாரங்களே இருக்கின்றன. ஒருநாள் அவள் வீட்டுத் தபால் பெட்டியில் ஒரு கடிதம். அவள் யார் என்று கேட்கும் ஒற்றை வரி அதில் இருக்கிறது. அடுத்த கடிதம், உலகம் எங்கிருந்து வந்தது என்று கேட்கிறது. ஆல்பெர்ட்டோ நாக்ஸ் என்னும் ஆசிரியர் முதலில் கடிதங்கள் வழியாகவும் பின்னர் நேரிலும் அவளுக்கு மேல்நாட்டுத் தத்துவ வரலாற்றைக் கற்பிக்கிறார். இது வரையில் இது ஒரு பாடப்புத்தகம் போலவே செல்கிறது.

ஆனால் இடையிடையே பொருந்தாத செய்திகள் நேருகின்றன. ஹில்டே என்னும் முன்பின் அறியாத பெண்ணுக்கு, லெபனானில் ஐக்கிய நாடுகள் படையில் பணிபுரியும் அவளுடைய தந்தை எழுதும் அஞ்சலட்டைகள் சோஃபியின் கைக்கு வருகின்றன. உரித்த வாழைப்பழத்தோலின் உட்புறத்தில் ஹில்டேக்குப் பிறந்தநாள் வாழ்த்து எழுதியிருக்கிறது. ஆசிரியரின் நாய் வாய்திறந்து அதே வாழ்த்தைச் சொல்கிறது. ஆசிரியர் சோஃபியை அழைக்கும்போது வாய்தவறி ஹில்டே என்று அழைக்கிறார். ஒரு தத்துவ ஞானியைப் பற்றிய பாடம் நடக்கும்போது உண்மை வெளிப்படுகிறது. சோஃபியும் ஆசிரியரும் அந்தத் தந்தையாகிய மேஜர் தம் மகளின் பிறந்தநாளுக்காக எழுதிக்கொண்டிருக்கும் கதையின் பாத்திரங்கள்! அடுத்த அத்தியாயத்தில் ஹில்டே கண்விழிக்கிறாள். தந்தை அனுப்பிய பரிசாகத் தட்டச்சுச் செய்த பெரிய கோப்பு ஒன்றைப் பிரிக்கிறாள். நாம் அதுவரை படித்த கதையை அவளும் முதலிலிருந்து படிக்கத் தொடங்குகிறாள்.

பார்க்லியும் ஸ்ரீபாஷ்யகாரரும்

அந்தத் தத்துவ ஞானி அயர்லாந்தில் பிறந்த ஜார்ஜ் பார்க்லி (1685–1753). கிறிஸ்தவ பிஷப்பாகவும் இருந்தவர். 1710இல் வெளியிட்ட நூலில், ஜடப்பொருள் என்று தனியே ஒன்றில்லை என்று அவர் வாதித்தார். ஒரு பழத்தின் நிறத்தையும் மணத்தையும் சுவையையும் திண்மையையும் நீக்கிவிட்டால் எஞ்சுவது என்ன? அவை யாவும் அறிவில் தோன்றும் எண்ணங்களே. எண்ணங்கள் ஓர் அறிவாளனைப் பற்றியே நிற்க முடியும். ஆகையால் அறியப்படுவதே பொருளுக்கு இருப்பு என்றார். நாம் காணாதபோதும் உலகம் நிலைபெறுவது எப்படி என்னில், ஈச்வரன் எப்போதும் அதை அறிந்துகொண்டிருக்கிறான் என்பது அவர் விடை.

இவரை உலகத்தை அடியோடு மறுத்தவர் என்று தள்ளிவிடலாகாது. உலகத்திற்கு ஈச்வரனை விட்டுத் தனித்த நிலையில்லை என்று அவர் கண்டதில் நமக்கு உகப்பான ஓர் அம்சம் உண்டு. ஆனால் அதற்காக அவர் கொடுத்த விலை பெரிது. உலகம் ஈச்வரனைச் சார்ந்தது என்பதை நிலைநாட்ட, உலகத்தை வெறும் எண்ணமாக ஆக்கிவிட்டார்.

விஜ்ஞானம் ஒன்றே உண்மை, வெளிப்பொருள் இல்லை என்ற யோகாசார பௌத்தர்களின் பக்ஷத்தை எம்பெருமானார் ஸ்ரீபாஷ்யத்தின் இரண்டாம் அத்தியாயத்தில் எடுத்து மறுத்தருளுகிறார். அங்கு அவர் கைக்கொள்ளும் யுக்தி எளியது; எவர்க்கும் அநுபவத்தில் உள்ளது. அறிவு தோன்றும்போதெல்லாம், நான் இதை அறிகிறேன் என்றே தோன்றுகிறது. அறிகிறவன், அறிவு, அறியப்படும் பொருள் என்று மூன்றும் அதில் அடங்கியிருக்கின்றன. பொருளும் அறிவும் சேர்ந்தே தோன்றுகின்றன என்பதைக் கொண்டு இரண்டும் ஒன்று என்று சொல்லப் புகுந்தால், சேர்ந்து என்னும் சொல்லே இரண்டு இருப்பதைக் காட்டிக்கொடுக்கும். பார்க்லிக்கும் இவ்விடை பொருந்தும். பழத்தின் சுவை நம் அறிவுக்கு விஷயமாகிறது என்பதனால் சுவை அறிவே ஆகிவிடாது.

திருவாய்மொழியின் முதல் பதிகத்திலேயே ஆழ்வார் இவ்விசாரத்தைத் தொட்டருளுகிறார். ஒன்பதாம் பாசுரத்தில் சூந்யவாதியோடு வாதிடும்போது, இல்லை என்னும் சொல்லும் ஒருவகை இருப்பையே காட்டும் என்பது அவர் திருவுள்ளம். குடம் இல்லை என்றால் மண் ஓடாக இருக்கிறது என்றாகும். முழு இன்மையை ஒரு சொல்லாலும் சொல்லிமுடிக்க இயலாது.

கனவும் கிளிஞ்சலும்

ஆனால் கண் ஏமாறுகிறதே என்று பிள்ளைகள் கேட்பார்கள். நாவலிலும் டேகார்ட் என்னும் பிரெஞ்சு அறிஞரின் ஐயம் வருகிறது: கனவில் இருக்கும்போது விழித்திருப்பதாகவே நினைக்கிறோம், அப்படியானால் இப்போது விழித்திருக்கிறோம் என்பதற்கு என்ன சான்று?

இவ்விடத்தில் நம் தர்சனம் சொல்லும் விடை மற்றவர்கள் சொல்லாதது. எல்லா ஞானமும் உள்ளதையே காட்டுகிறது என்பது எம்பெருமானாரின் ஸித்தாந்தம். இதை யதார்த்தக்யாதி என்பர். கிளிஞ்சலைக் கண்டு வெள்ளி என்று மயங்குகிறவன் இல்லாத ஒன்றைக் கண்டானல்லன். பூதங்கள் ஒன்றோடொன்று கலந்தே எல்லாப் பொருள்களும் ஆகியிருப்பதால், கிளிஞ்சலிலும் வெள்ளியின் கூறு சிறிது உண்டு. அந்தச் சாயலையே கண் பற்றியது. மிகுதியாக உள்ள கிளிஞ்சற்கூற்றைக் காணாமற்போனதே குறை. பித்தம் கொண்டவனுக்குச் சங்கு மஞ்சளாகத் தோன்றும்போதும், மஞ்சள் அவன் கண்ணிலுள்ள பித்தத்தில் உண்மையாகவே உள்ளது. பிழை என்பது குறையக் காண்பதே. இல்லாததைக் காண்பது என்று ஒன்றில்லை.

கனவுக்கும் அப்படியே. கனவில் வரும் தேர்களையும் வழிகளையும் ஈச்வரனே படைக்கிறான் என்கிற உபநிஷத்வாக்யத்தை ஸ்ரீபாஷ்யகாரர் மூன்றாம் அத்தியாயத்தில் நிர்வஹித்தருளுகிறார். அவ்வவ் ஜீவனுடைய சிறிய புண்யபாபங்களுக்கு ஈடாக, அவனொருவன் மட்டும், அந்நேரம் மட்டும் அநுபவிக்கும்படி அப்பொருள்கள் படைக்கப்படுகின்றன. ஆகவே கனவும் ஒரு சிறிய ஸ்ருஷ்டியே. விழிப்பையும் கனவோடு சேர்த்துப் பொய்யென்று தள்ளுவார் சிலர். நம் ஆசார்யரோ கனவையும் விழிப்போடு சேர்த்து மெய்யாக்கி வைத்தார்.

மேஜருக்குச் சோஃபி சரீரமா?

இனி முதற்கேள்விக்கு வருவோம். சோஃபிக்கு நேர்ந்த துன்பம் கண் ஏமாறுவதைப் பற்றியதன்று. தான் வேறொருவருடையவள் என்று அறிந்ததே அவள் துன்பம்.

சித்தும் அசித்தும் எம்பெருமானுக்குச் சரீரம் என்பது நம் ஸம்ப்ரதாயத்தின் உயிர்நிலை. முதல் பதிகத்தின் ஏழாம் பாசுரத்தில் ஆழ்வார் இதை உடலும் உயிருமாகக் காட்டியருளினார். சரீரம் என்பதற்கு ஸ்ரீபாஷ்யகாரர் மூன்று அடையாளங்கள் சொல்கிறார். ஒரு சேதனனால் எப்போதும் தாங்கப்படுவது, அவனால் நியமிக்கப்படுவது, அவனுக்கே உறுப்பாய் அவன் பயனுக்காகவே இருப்பது.

இம்மூன்றையும் நாவலில் வைத்துப் பார்த்தால் திடுக்கிடுகிறோம். சோஃபியைத் தாங்குவது மேஜரின் மனம். அவளை நடத்துவது அவர் எழுத்து. அவள் இருப்பது அவர் மகளின் பிறந்தநாளுக்காக. மூன்றும் பொருந்திவிட்டனவே! அப்படியானால் நம் நிலையும் சோஃபியின் நிலைதானா?

ஆழ்ந்து நோக்கினால் பொருத்தம் மேலோட்டமானது என்று விளங்கும். மேஜர் எழுதுவதற்கு முன் சோஃபி என்று ஒருத்தி இல்லை. எழுதுவதை நிறுத்தினால் இருக்கப்போவதும் இல்லை. ஜீவாத்மாவோ நித்யன். எம்பெருமான் அவனை இல்லாமையிலிருந்து கற்பனை செய்தவனல்லன். ஜீவன் தானே அறிகிறவன், செய்கிறவன், அநுபவிக்கிறவன். அவனுடைய முதல் முயற்சியைப் பார்த்திருந்து, பின் அநுமதி தந்து நடத்துகிறான் அந்தர்யாமி. சோஃபியின் முதல் முயற்சியும் மேஜருடையதே. அவளுக்கென்று அநுமதி கேட்க ஒன்றுமில்லை.

மற்றொன்று, மேஜர் எழுதியது லெபனானில் இருந்து. தம் கதையிலுள்ளவர்களின் நடுவே அவர் ஒருநாளும் வந்து நின்றதில்லை. வாழைப்பழத்தோலிலும் அஞ்சலட்டையிலும் வேடிக்கை காட்டினார், அவ்வளவே. எம்பெருமான் உள்ளே அந்தர்யாமியாகப் பிரியாமல் நிற்பவன். அதுவும் போதாதென்று தன் படைப்பினுள்ளே பிறந்து, காட்டில் நடந்து, பிரிந்து அழுது, கட்டுண்டு நின்றவன். கோயில்களில் நாம் நீராட்டினால் நீராடியும் உணவிட்டால் உண்டும் அடியார்க்குப் பரதந்த்ரனாய் இருப்பவன். தாங்குகிறவன் தாங்கப்படுகிறவர்களின் கையில் தன்னைக் கொடுத்திருக்கிறான். இதற்கு ஒப்பானது மேஜரிடம் இல்லை.

இதனால் ஒன்று தெளிகிறது. பாரதந்த்ர்யம் என்பது பொய்மையன்று. கை உடலைச் சார்ந்தது என்பதனால் கை பொய்யாவதில்லை. உடலைவிட்டுத் துண்டிக்கப்பட்டபோதே அது பெயருக்குக் கையாகிறது. சார்ந்திருப்பதே நமக்கு மெய்யான நிலை.

ஒரே நாவு

ஆல்பெர்ட்டோவின் நாவு தவறி ஹில்டே என்று சொன்னதை முன்னே கண்டோம். பின்னர் அவர் காரணத்தை அறிகிறார். பேசியது தம் நாவாயினும் பேசுவித்தவர் மேஜர். அவருக்கு அதனால் விளைந்தது வெட்கமும் கோபமும். அன்றுமுதல் மேஜரின் கவனத்தை ஏமாற்றிக் கதையிலிருந்து தப்பிச்செல்லும் வழியையே தேடுகிறார்.

திருவாய்மொழி ஏழாம் பத்தின் ஒன்பதாம் பதிகத்தை இதனோடு வைத்துப் பார்க்கவேணும். இவ்வுலகில் என்னை இன்னும் வைத்திருப்பது ஏன் என்று தவித்த ஆழ்வாருக்கு, உம்மைக் கொண்டு நம்மைப் பாடுவித்துக்கொள்ளவே என்று எம்பெருமான் காட்டியருளினான் என்பது பூர்வாசார்யர்கள் அருளிச்செய்யும் ஸங்கதி. அப்பதிகம் முழுவதும் ஆழ்வார் சொல்வது இதுவே: பாடியது என் நாவு, பாடினவன் அவன். தன்னைத் தானே என் சொல்லாலே பாடிக்கொண்டான். இவ்வுதவிக்கு என்ன கைம்மாறு செய்வேன்? ஆத்மாவைக் கொடுக்கலாமென்றால் அதுவும் அவனுடையதாகவே இருக்கிறதே!

நேர்ந்தது இருவர்க்கும் ஒன்றே. இருவர் நாவையும் வேறொருவர் ஆண்டார். ஆல்பெர்ட்டோவின் வாயில் மேஜர் இட்ட சொல், ஆல்பெர்ட்டோவுக்கு எந்தப் பயனும் தராத சொல். அது வேறொருத்திக்கான வாழ்த்து. ஆழ்வாரின் நாவில் எம்பெருமான் இட்ட சொல்லோ, பாடினவரையும் வாழ்வித்து, கேட்ட நம்மையும் இன்றளவும் வாழ்விக்கிற சொல். மேலும், அவன் புகுந்ததனால் ஆழ்வார் அழியவில்லை. அவருடைய அழுகை, ஊடல், ஏக்கம், அவர் பேசிய தமிழ் யாவும் அவருடையனவாகவே இருக்கின்றன. ஒருவனை இல்லாமற் செய்து பேசுவது ஒன்று. ஒருவனை முழுமையாக்கிப் பேசுவிப்பது மற்றொன்று.

அடிமையின் சமாதானமா?

இங்கே ஒரு வலிய ஆக்ஷேபம் எழும். எசமானன் நல்லவன் என்று சொல்லிக்கொண்டு மகிழ்வது அடிமையின் சமாதானந்தானே? ஆல்பெர்ட்டோவின் எதிர்ப்பல்லவா மானமுள்ளவன் செயல்?

இதற்கு விடை ஆழ்வாரிடமே உண்டு. பாடுவித்த உபகாரத்தை ஒன்பதாம் பதிகத்தில் கொண்டாடிய அவரே, அதே பத்தின் முதல் பதிகத்தில் ஐம்புலன்களின் கையில் தம்மைக் காட்டிக்கொடுத்துவிட்டு விலகி நிற்கிறாயோ என்று எம்பெருமானைக் கேட்டு முறையிட்டிருக்கிறார். உறவு உண்டென்றே முறையிட்டார். நாவலில் ஆல்பெர்ட்டோவின் ஏச்சு மேஜரின் செவியில் விழுகிறது என்றாலும், அந்த ஏச்சையும் எழுதுகிறவர் மேஜரே. தம்மைத் தாமே ஏசிக்கொள்கிற விளையாட்டு அது. ஆழ்வாரின் முறையீடோ மற்றொருவனை உண்மையாகச் சென்றடைவது. முறையிட இடமுள்ள உறவு அடிமைத்தளை ஆகாது.

மேஜர் வேடிக்கைக்காகச் செய்தார். எம்பெருமானும் லீலைக்காகப் படைத்தான் என்கிறீர்களே என்றும் கேட்கலாம். லீலை என்னும் சொல்லால், தனக்கொரு குறையை நிரப்பிக்கொள்ளப் படைக்கவில்லை என்பது பெறப்படும். மனம்போனபடி ஒருவனைத் துன்புறுத்துகிறான் என்பது பெறப்படாது. அவரவர் கர்மத்தை நோக்கியே படைப்பதால் பக்ஷபாதமும் இரக்கமின்மையும் அவனுக்கு இல்லை என்று ஸூத்ரகாரரே அடுத்தபடி காட்டிவைத்தார். நாவலில் மேஜர் ஓரிடத்தில் தீக்குச்சி விற்கும் ஏழைச் சிறுமியைக் கொண்டுவந்து நிறுத்துகிறார். அவள் குளிரில் நிற்பது ஒரு பாடத்தை விளக்குவதற்கு மட்டுமே. அவளுக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை, உய்யும் வழியும் இல்லை. ஜீவனுக்கு அநாதியான முன்னும் உண்டு, மோக்ஷம் என்னும் முடிவும் உண்டு. நடுவில் கைகொடுக்கிறவனும் உண்டு.

ஹில்டேயின் இரக்கம்

ஆயினும் கர்மம் என்று சொல்லிமுடித்து நாம் அகன்றுபோகலாகாது. அந்நியாயம் ஈச்வரனிடம் குறையில்லை என்பதற்குச் சொன்ன யுக்தி. துன்புறுகிறவனைக் கைவிட நமக்குத் தந்த சாக்கு அன்று.

நாவலில் நம் நெஞ்சைத் தொடுகிறவள் ஹில்டே. சோஃபி காகிதத்தில் உள்ளவள் என்று அறிந்தும், அவளும் ஆசிரியரும் எங்கோ உண்மையாகவே இருக்கிறார்கள் என்று அவள் நம்புகிறாள். தந்தை அவர்களைப் படுத்துகிற பாட்டைப் பொறாமல், அவர் ஊர் திரும்பும் வழியில் கோபன்ஹேகன் விமான நிலையத்தில் அவருக்குக் கடிதங்கள் கிடைக்கும்படி ஏற்பாடு செய்கிறாள். தாம் காணாத ஒருவர் தம்மைக் கண்காணித்து நடத்துவது எத்தகையது என்பதை மேஜர் அன்று சற்றே உணர்கிறார். கற்பனையில் உள்ளவர்களுக்காகவும் ஒரு பெண் மனம் பதைக்கிறாள் என்றால், கண்ணெதிரே உள்ளவர்களை நாம் நிழல்களாகக் கண்டு கடந்துபோவது எத்தகைய குறை!

உலகம் பொய் என்பவனுக்குப் பிறர் துன்பமும் பொய்யாகிவிட இடமுண்டு. உலகம் மெய், அதுவும் எம்பெருமானுக்குச் சரீரம் என்கிற நமக்கு அந்த இடம் இல்லை. பசித்தவனின் பசியை மெய்யென்று காணாதவன் யதார்த்தக்யாதியை ஏட்டில் மட்டும் கற்றவன்.

நம் குருபரம்பரையில் இதை வாழ்ந்து காட்டியவர் கூரத்தாழ்வான். ஆசார்யனைக் காக்கச் சோழன் சபைக்குத் தாமே சென்று கண்களை இழந்தார். பின்பு பேரருளாளன் ஸந்நிதியில் வேண்டியதைக் கேட்கலாம் என்றிருந்தபோது, தம் கண்களைக் கேட்டாரில்லை. தம் கண் போகக் காரணமாயிருந்த நாலூரானுக்கும் தாம் பெறும் பேறே கிடைக்கவேணும் என்று ப்ரார்த்தித்தார். புறக்கண் இல்லாத அவருக்கு, தமக்குத் தீங்கு செய்தவனும் எம்பெருமானுடைய உடைமையாய் மெய்யாகத் தோன்றினான். காட்சியின் உண்மையைப் பற்றி எத்தனை நூல்கள் விசாரித்தாலும், காண்பது என்றால் என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான விடை நமக்குத் தெரிந்து இல்லை.

கதையின் முடிவில் சோஃபியும் ஆசிரியரும் புத்தகத்திலிருந்து வெளியேறிவிடுகிறார்கள். ஹில்டே இருக்குமிடத்திற்கே வந்தும் அவளால் காணப்படாமல் நிற்கிறார்கள். யாருக்கும் உரியவராகாத விடுதலையில், யாரும் அவர்களைக் காண்பதில்லை. அவ்விடுதலையை நாம் வேண்டோம். அவனுக்கு உரியோமாய், அவன் காணக் காணப்படுவோமாய், அவனுடையார் எல்லாரையும் மெய்யென்று காண்போமாய் இருக்கும் இருப்பையே வேண்டுவோம். பிள்ளைகள் கேட்கும்போது அடியோம் சொல்லத்தக்க விடை இதுவே: நீ ஒருவனுடையவன், ஆகையாலேயே நீ உண்மை.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.